நகை போனவள் ஏன் அழவில்லை?

படம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. முகத்தில் க்ரீமை அப்பிக்கொண்ட ஒரு பணக்காரப் பெண் திரை நிறைய வந்து, நகைகளைக் காணோம் என்று அலறினாள். பிறகு இருட்டில், ஓட்டுக் கூரைமேல் ஒரு கறுப்புப் பூனை. விடிந்தது, இன்னொருத்தி அலறினாள். மறுபடி பூனை. பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த அத்தை கேட்டார்:

“கத்துறா சரி. அழக் காணோமேடா?”

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1955இல் வெளியிட்ட ‘டு கேட்ச் எ தீஃப்’ படத்தை நான் ஏழெட்டு முறையாவது பார்த்திருப்பேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. கேரி கிராண்ட், கிரேஸ் கெல்லி, தெற்கு பிரான்சின் கடற்கரை என்று மூன்றும் திரையில் இருக்கும்போது யார் நகை போனால் நமக்கென்ன? அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. முக்கியமான வசனங்களை நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கிராண்டின் அழகு அவரிடம் எடுபடவில்லை. “மூஞ்சி நல்லாத்தான் இருக்கு” என்றதோடு சரி. அவர் கண் நகைமேலேயே இருந்தது.

எழுபது வருடப் பழைய படம் என்பதால் முடிவையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

டேவிட் டாட்ஜ் 1952இல் எழுதிய நாவல்தான் மூலம். திரைக்கதை ஜான் மைக்கேல் ஹேஸ். ஜான் ரோபி (கேரி கிராண்ட்) என்ற அமெரிக்கன் ஒரு காலத்தில் சர்க்கஸில் வித்தை காட்டியவன், அப்புறம் ரிவியேரா என்கிற அந்தத் தெற்கு பிரான்சுக் கடற்கரையின் மாளிகைக் கூரைகளில் ஏறி நகை திருடியவன். ‘பூனை’ என்று பட்டப்பெயர். பிடிபட்டுச் சிறையில் இருந்தபோது போரில் அந்தச் சிறைமேல் குண்டு விழுகிறது. தப்பிய கைதிகள் ஜெர்மானியரை எதிர்த்த தலைமறைவுப் படையில் சேர்ந்து சண்டை போடுகிறார்கள். அதற்காகப் போருக்குப் பின் நிபந்தனையோடு விடுதலை. ரோபி மலைமேல் ஒரு வீட்டில் திராட்சையும் பூவும் வளர்த்துக்கொண்டு ஒதுங்கி வாழ்கிறான். இப்போது அவன் பாணியிலேயே யாரோ திருடுகிறார்கள். போலீஸ் அவன் வீட்டு வாசலில். தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க அவனே அந்தத் திருடனைப் பிடித்தாக வேண்டும்.

திருடனைப் பிடிக்கத் திருடனையே ஏவு என்ற அவர்கள் ஊர்ப் பழமொழிதான் தலைப்புக்கு அடி. நம்மிடம் இருப்பது பாம்பின் கால் பாம்பறியும். பழமொழி நானூற்றில் அது திருடர்களுக்காகச் சொன்னதே அல்ல. புலமை உள்ளவரின் புலமை இன்னொரு புலமை உள்ளவருக்கே புலப்படும் என்று சொல்ல வந்த வெண்பாவின் கடைசி அடி. புலவர்களுக்குச் செய்த சட்டையை நாம் திருடர்களுக்குப் போட்டுப் பார்த்தோம். அளவு கச்சிதமாக இருந்துவிட்டது.

சரி, அத்தையின் கேள்விக்கு வருகிறேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அத்தை வீட்டில் திருடு போனது. வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்த இரவு, கொல்லைப்புறக் கதவைப் பெயர்த்து உள்ளே வந்திருந்தார்கள். பதினொரு சவரன். மறுநாள் காவல் நிலையத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எழுத உட்கார்ந்த காவலர் என்னென்ன போனது, எவ்வளவு எடை என்று கேட்டார். அத்தையிடமிருந்து எடை வரவில்லை. “அம்மா சீமந்தத்துக்குப் போட்ட வளையல். இவ பொறந்தப்ப அவங்க அப்பா சீட்டு எடுத்து வாங்கின சங்கிலி. ஒரு தடவ அடகுல இருந்து மீட்டதுங்க, அந்த ஜிமிக்கி...” காவலர் பேனாவை வைத்துவிட்டார். ஒவ்வொரு நகையும் ஒரு ஆளோடு, ஒரு வருஷத்தோடு, ஒரு சண்டையோடு சேர்ந்துதான் வெளியே வந்தது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

படத்திலும் ஒரு பட்டியல் வருகிறது. லண்டன் லாய்ட்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பாக வந்திருக்கும் ஹியூசன் என்ற கண்ணியமான ஆங்கிலேயர் அதை வைத்திருக்கிறார். ரிவியேராவில் தங்கியிருக்கும் வாடிக்கையாளர்கள், அவர்களிடம் உள்ள நகைகள். அடுத்த திருட்டு எங்கே நடக்கும் என்று மோப்பம் பிடிக்க ரோபிக்கு அந்தப் பட்டியல் வேண்டும். அதிலுள்ள நகைகளுக்கு விலை மட்டும்தான் உண்டு. போனால் லண்டனிலிருந்து பணம் வந்துவிடும். ஆகவே திருட்டால் தூக்கம் கெடுவது நகைக்காரிக்கு இல்லை, காப்பீட்டுக்காரருக்கு. அத்தையிடம் இதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, “அப்ப அந்தாளுதான் அழணும்” என்றார். ஜான் வில்லியம்ஸ் அந்தப் பாத்திரத்தைப் படம் முழுக்க ஏறக்குறைய அழப்போகிற முகத்தோடுதான் செய்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம் துரத்தல்களோ முத்தங்களோ இல்லை. ஹியூசன் மதியச் சாப்பாட்டுக்கு ரோபியின் வீட்டுக்கு வருகிற காட்சி. மாடி முற்றம், கீழே பள்ளத்தாக்கு, மேசையில் முட்டையும் பன்றி இறைச்சியும் சேர்த்துச் சுட்ட கீஷ். மாவு இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று விருந்தாளி வியக்கிறார். சமைத்த ஜெர்மேன் அம்மாவுக்குக் கை அவ்வளவு மென்மை, போரில் ஒரு ஜெர்மன் தளபதியைச் சத்தமே வராமல் கழுத்தை நெரித்தவர் என்கிறான் ரோபி. ஹியூசனுக்குத் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

அடுத்து அவர் நப்பாசையோடு ஒன்று கேட்கிறார். நீங்கள் ஒரு வகை ராபின் ஹூட்தானே, எடுத்ததைப் பெரும்பாலும் ஏழைகளுக்குக் கொடுத்திருப்பீர்கள்? இல்லை, எல்லாவற்றையும் நானே வைத்துக்கொண்டேன், நான் அப்பட்டமான திருடன், உங்களைப் போல என்கிறான். பிறகு ஒவ்வொன்றாக விசாரிக்கிறான். விடுதிகளில் தங்கினால் சாம்பல் கிண்ணம், துண்டு ஏதாவது பெட்டிக்குள் வந்துவிடுமா? அலுவலகத்துக்குக் கொடுக்கிற செலவுக் கணக்கில் இந்தச் சாப்பாட்டையும் எழுதுவீர்களா? மனிதர் நெளிகிறார். கோபப்படாமல், குரல் உயர்த்தாமல், பரிமாறிக்கொண்டே ஒரு நேர்மையான ஆளை உரித்துத் தொங்கவிடுகிற காட்சி அது. நான் விடுதி சோப்புகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறவன் என்பதால் ஒவ்வொரு முறையும் எனக்கும் கொஞ்சம் நெளிகிறது.

அதே பேச்சில் ரோபி இன்னொன்றும் சொல்கிறான். பட்டினி கிடக்கக்கூடிய யாரிடமும் தான் திருடியதில்லை. அந்த ஒரு வரியை நம்பித்தான் நாம் இந்த ஆளைக் காதலிக்க அனுமதிக்கப்படுகிறோம். சினிமாவில் நகைத் திருடன் கதாநாயகனாக வேண்டுமானால் நகைக்குச் சொந்தக்காரர் அழக்கூடாது. வங்கியில் ஏழைகளின் சேமிப்பு இருக்கும், வீடு புகுந்தால் யாருக்காவது அடிபடும், பிக்பாக்கெட் என்றால் மாதச் சம்பளம் போகும். மேட்டுக்குடி விருந்தில் கழுத்திலிருந்து கழற்றிய வைரமாலைக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் கிடையாது. அதனால்தான் இவர்கள் எல்லோரும் கூரை வழியாகவே வருகிறார்கள், கோட்டு சூட்டோடு.

இந்தி ‘ஜுவல் தீஃப்’ (1967) நினைவுக்கு வருகிறது. விஜய் ஆனந்த் இயக்கி தேவ் ஆனந்த் நடித்தது, நம் வைஜயந்திமாலா சிக்கிமில் சுழன்று சுழன்று ஆடுவாரே, அது. அதிலும் செய்யாத திருட்டுக்குப் பேர் வாங்குகிற நாயகன்தான். அதிலும் நகையைப் பறிகொடுத்தவர்கள் யாரென்று இப்போது யோசித்தால் ஒரு முகமும் நினைவில் வருவதில்லை.

ஹியூசனின் பட்டியலில் முதலில் இருப்பவர்கள் திருமதி ஸ்டீவன்ஸும் மகள் ஃபிரான்செஸும் (கிரேஸ் கெல்லி). எண்ணெய்க் கிணற்றுப் பணம். அம்மாவாக வரும் ஜெஸ்ஸி ராய்ஸ் லாண்டிஸ் இந்தப் படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே பெரிய மனுஷி. விலையுயர்ந்த ஷாம்பெயினைவிட அமெரிக்க விஸ்கிதான் பிடிக்கும். நகைகளை விடுதிப் பெட்டகத்தில் வையுங்கள் என்று ஹியூசன் கெஞ்சினாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு காட்சியில் சிகரெட்டை அணைக்க இடம் தேடாமல் தட்டிலிருந்த முட்டையின் மஞ்சள் கருவில் குத்துவார். அத்தை முகத்தைச் சுளித்தார். ஹிட்ச்காக்குக்கே முட்டை என்றால் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். வேறொரு காட்சியில் கண்ணாடி மேல் ஒரு முட்டை வந்து உடைந்து வழியும். மனுஷன் கோபத்தை இப்படியெல்லாம் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் இந்த அம்மாவின் நகையே திருடு போகிறது. மகள்தான் கொதித்துப்போய்ப் போலீஸைக் கூப்பிடுகிறாள். அம்மா ரோபியின் பக்கம் நிற்கிறார். “பாரு, பறிகொடுத்தவளே பரிஞ்சு பேசுறா” என்று அத்தைக்கு அடங்கவில்லை. (இன்னொரு வேடிக்கை: நான்கே ஆண்டுகள் கழித்து ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் லாண்டிஸ் கிராண்டுக்கு அம்மாவாக நடித்தார். நிஜத்தில் இருவருக்கும் வித்தியாசம் ஏழெட்டு வயதுதான்.)

இந்தப் படம் என்றதும் எல்லோரும் எடுத்துச் சொல்கிற காட்சி வேறு. விடுதி அறை, விளக்கு அணைந்திருக்கிறது, சன்னலுக்கு வெளியே வாணவேடிக்கை. வெள்ளை உடையில் கிரேஸ் கெல்லி, கழுத்தில் வைரம். முகம் நிழலில், மாலை மட்டும் வெளிச்சத்தில். திருடனுக்குத் தூண்டில் போடுகிறாள். அவன் மாலையைப் பார்த்துவிட்டு இது போலி என்கிறான். நான் போலி இல்லையே என்கிறாள் அவள். அதன் பிறகு கேமரா வெளியே போய்விடுகிறது. நடப்பதையெல்லாம் வாணங்கள் வெடித்துச் சொல்கின்றன. அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளில் எதைக் காட்டக்கூடாது என்று இருந்ததோ அதையெல்லாம் காட்டாமலே காட்டிவிட்டார் ஹிட்ச்காக். இந்த இடத்தில் நான் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு, கழுத்தில் இருப்பது கவரிங் என்று மட்டும் சொன்னேன். அத்தைக்கு முதல் முறையாக அந்தப் பெண்மேல் மதிப்பு வந்தது. “வெளியூர் வந்த எடத்துல புத்தியாத்தான் இருக்கா.”

கெல்லியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரோபியைச் சந்திக்கும் முதல் நாள் இரவில் அவர் அதிகம் வாயைத் திறப்பதில்லை. பெரும்பாலும் பக்கவாட்டு முகம், சிலைபோல் குளிர்ச்சி. அறை வாசல் வரை ரோபி கொண்டுபோய் விடுகிறான். கதவைத் திறந்தவள் திரும்பி, ஒரு வார்த்தை பேசாமல் முத்தமிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பனி மூடிய பெண்ணிடம் திடீரென்று நெருப்பைக் காட்ட வேண்டும் என்று திட்டமிட்டே எடுத்ததாக ஹிட்ச்காக் பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் துருஃபோவிடம் விளக்கியிருக்கிறார். விளக்கம் கேட்ட பிறகும் அந்தக் கதவு சாத்தும் நொடி பழசாகவில்லை.

படத்தின் அழகைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம், சுருக்கமாகச் சொல்கிறேன். பாரமவுண்டின் விஸ்டாவிஷன் முறையில் ஹிட்ச்காக் எடுத்த முதல் படம் இது. 35 மில்லிமீட்டர் சுருளைப் படுக்கை வாட்டில் ஓட்டி, பெரிய நெகட்டிவில் பதிவு செய்வார்கள், துல்லியம் கூடும். 1954 கோடையில் கான், நீஸ், மலைச்சாலைகள், சான் ஜானே கிராமம் என்று நேரில் போய் எடுத்தார்கள். ராபர்ட் பர்க்ஸுக்கு வண்ண ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் கிடைத்தது. கூரைமேல் வரும் இரவுக் காட்சிகளைக் கவனியுங்கள், வழக்கமான சினிமா இரவின் நீலம் அதில் இல்லை. ஹிட்ச்காக்குக்கு அந்த நீலம் பிடிக்காமல் பச்சை வடிகட்டி போட்டு எடுத்தார். ஏதோ பாசி படிந்த குளத்துக்குள் எல்லோரும் நடமாடுவது போலிருக்கும்.

எனக்கு வெகுநாள் இந்தப் படம் இவ்வளவுதான். வெயில், முத்தம், வேடிக்கை. அத்தையோடு பார்த்த அன்றைக்குத்தான் மூன்றாவது பெண் கண்ணில் பட்டாள்.

டானியெல். பெர்தானி என்பவனின் உணவகத்தில் ஒயின் பரிமாறும் ஃபூசாரின் மகள். பெர்தானியும் அவன் ஆட்களும் ரோபியோடு சிறையிலும் போரிலும் இருந்தவர்கள். அவர்களெல்லாம் இப்போது சமையற்கட்டிலும் நிலவறையிலும் வேலை பார்க்கிறார்கள். ரோபி திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரன். அவன் உள்ளே நுழையும்போது அந்தச் சமையற்கட்டு அவனைப் பார்க்கிற பார்வையைக் கவனிக்க வேண்டும். நீ மறுபடி கூரை ஏறினால் எங்கள் விடுதலையும் போய்விடும் என்ற பயம் மட்டுமில்லை அது.

டானியெல் அவனைப் படகில் ஏற்றிப் போலீஸிடமிருந்து காப்பாற்றுகிறாள். தென் அமெரிக்காவுக்கு ஓடிவிடலாம் என்கிறாள். கடலில் மிதக்கும் ஒரு மரத்தளத்தருகே அவளும் ஃபிரான்செஸும், நடுவில் ரோபி தண்ணீரில் தத்தளித்தபடி. புதிய கார் மலிவாகக் கிடைக்கும்போது பழையது எதற்கு என்பதுபோல் டானியெல் வயதைக் குத்திக்காட்டுகிறாள். வசனம் வேடிக்கைதான். ஆனால் டானியெலாக நடித்த பிரிஜீத் ஓபேர் நிஜத்தில் கெல்லியைவிட மூத்தவர் என்பது அதைவிட வேடிக்கை. கெல்லிக்கு அப்போது 24, கிராண்டுக்கு 50. சினிமாவை விட்டு விலகுவதாகச் சொல்லிவிட்டிருந்தவரை ஹிட்ச்காக் திரும்ப அழைத்து வந்திருந்தார். அந்தத் தண்ணீரில் வயதைப் பற்றி யாருமே கேட்காத ஒரே ஆள் அவர்.

ஒரு மாளிகைக்கு வெளியே இரவில் ரோபி காவல் இருக்கும்போது அவனைத் தாக்க வருகிறார்கள். கைகலப்பில் ஃபூசார் கடலில் விழுந்து சாகிறான். பூனை செத்தது என்று போலீஸ் கோப்பை மூடப் பார்க்கிறது. ஃபூசாருக்கு ஒரு கால் மரக்கால். மரக்காலோடு எவன் ஓட்டுக் கூரை ஏறுவான்? அடக்கத்தன்று டானியெல் எல்லோர் முன்னாலும் ரோபியைக் கொலைகாரன் என்று கத்துகிறாள். அவன் அவள் கன்னத்தில் அறைகிறான். அறைந்துவிட்டுக் கல்லறை வாசலுக்கு வந்தால் அங்கே காரோடு ஃபிரான்செஸ். அடுத்து பதினைந்தாம் லூயி காலத்து மாறுவேட விருந்துக்கான ஏற்பாடுகள். தங்க உடையில் கெல்லி. ஆடை வடிவமைப்பாளர் ஈடித் ஹெட் உருவாக்கிய அந்த உடையைப் பார்த்தால் நமக்குக் கல்லறை மறந்துவிடுகிறது. படம் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

விருந்து முடிந்த இரவில் ரோபி கூரைமேல் காத்திருந்து புதிய பூனையைப் பிடிக்கிறான். முகமூடிக்குள் டானியெல். அப்பனுக்குக் கால் இல்லை, ஆகவே மகள் ஏறியிருக்கிறாள். மேலே நின்று ஏவியவன் பெர்தானி. கீழே போலீஸ். அவள் சறுக்குகிறாள், விளிம்பில் தொங்குகிறாள், ரோபி ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தூக்கிவிடவில்லை. உண்மையைச் சொல், எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல் என்கிறான். அவள் சொல்கிறாள். அப்பன் பெயரை, பெர்தானி பெயரை. அதற்குப் பிறகுதான் கை இறுகுகிறது.

இதை நான் ஏழு முறை பரபரப்போடு பார்த்தவன். எட்டாவது முறை அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு “தூக்குடா, தூக்குடா” என்று திரையைப் பார்த்துச் சொன்னபோதுதான், இந்தப் படத்தில் நிஜமான பயத்தோடு அலறிய ஒரே பெண் இவள் என்று தெரிந்தது. நகையைப் பறிகொடுத்த எவளும் இப்படி அலறவில்லை. ரோபி திருடியதற்கும் இவள் திருடியதற்கும் என்ன வித்தியாசம்? இவளும் பட்டினி கிடக்கக்கூடிய யாரிடமும் எடுக்கவில்லை. அவனுக்கு மலைமேல் வீடு கிடைத்தது. ஹிட்ச்காக் இதைத் தெரிந்து செய்தாரா என்று கேட்டால், அந்தச் சமையற்கட்டைக் காட்டியவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம். தெரிந்தும் தங்க உடையின் பக்கமே நின்றுகொண்டார்.

கெல்லியின் மிச்சக் கதை எல்லோருக்கும் தெரியும். 1955 மே மாதம் கான் திரைப்பட விழாவுக்கு வந்தபோது மொனாக்கோ இளவரசரைச் சந்தித்தார், அடுத்த ஏப்ரலில் கல்யாணம், சினிமாவுக்கு முழுக்கு. 1982 செப்டம்பரில் அந்த மலைச்சாலைகளில் ஒன்றில் கார் உருண்டு இறந்துபோனார். ரோபியும் ஃபிரான்செஸும் தங்கும் கார்ல்டன் விடுதி கானில் இன்றும் இருக்கிறது. 2013 ஜூலையில் அங்கே நடந்த நகைக் கண்காட்சிக்குள் பட்டப்பகலில் ஒருவன் துப்பாக்கியோடு தனியாக நுழைந்து 10 கோடி யூரோவுக்கு மேல் மதிப்புள்ள நகைகளை அள்ளிக்கொண்டு போனான். கூரை ஏறவில்லை. கோட்டு சூட்டும் இல்லை. அந்தச் செய்தியை அத்தைக்குச் சொன்னபோது அவர் கேட்டது: “எத்தன சவரன் இருக்கும்?”

கடைசிக் காட்சி. ரோபி மலை வீட்டுக்குத் திரும்ப, ஃபிரான்செஸ் துரத்திக்கொண்டு வந்துவிடுகிறாள். முத்தம். இந்த இடம் அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும் என்கிறாள். கிராண்டின் முகம் மாறுகிறது. நான் சிரித்தேன், எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வரும் இடம் அது. அத்தை சிரிக்கவில்லை. முறுக்கு டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் கால் இல்லாதவன் பொண்ணு என்ன ஆனா?”

“தெரியலை அத்தை. படம் முடிஞ்சிடுச்சு.”

“இருந்தது ஒரு அப்பன். அவனும் போயிட்டான். அவள யாரு ஜாமீன்ல எடுப்பா?”